அலை அடிக்காத இடம்

செம்மேட்டு பஸ் ஸ்டாண்டில் வேன் ஓட்டுகிறவர்களில் தனபாலுக்கு மட்டும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கடல் தனபால்.

கொல்லிமலைக்கும் கடலுக்கும் நடுவே எழுபது கொண்டை ஊசி வளைவும் ஒரு முழுநாள் பயணமும் இருக்கின்றன. ஆனாலும் சவாரி இல்லாத நேரத்தில் அவன் செல்போனில் கடல்தான் ஓடிக்கொண்டிருக்கும். பார்த்ததை எதிரில் வருகிறவர்களிடம் சொல்லாமலும் இருக்க மாட்டான்.

"நாம இழுக்கிற மூச்சுல பாதி கடல்ல இருந்து வருது, தெரியுமா? கண்ணுக்கே தெரியாத பாசி, அது விடற காத்து" என்பான்.

"அப்ப இத்தனை மரம் வெச்சு மிளகுக்கொடி ஏத்தி உட்டதெல்லாம் வீணாங்கண்ணா?" என்று கேட்பாள் அருணா. அங்கன்வாடி டீச்சர். மகளிர் குழுத் தலைவியும் அவள்தான். அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் மலையில் குறைவு.

"ஆக்டோபஸ்னு ஒண்ணு. அதுக்கு மூணு இதயம். முட்டை போட்டுட்டா அந்தத் தாய் எரை எடுக்காம பக்கத்துலயே காவல் காக்குமாம். குஞ்சு வெளிய வந்ததும் செத்துப் போயிருமாம்."

"எங்க மாமியா கூட எனக்காகச் சாப்பிடாம காத்திருந்தேன்னு சொல்லுது. மூணு இதயம் இருக்குதான்னு பாக்கோணும்."

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். தனபாலும் சிரிப்பான். பிறகு, வடக்கே பனிக்கடலில் முந்நூறு வருஷம் உயிரோடு இருக்கும் சுறாவைப் பற்றிச் சொல்வான். இந்த மலைக்கு ரோடு போடுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன் பிறந்தது இன்றைக்கும் நீந்திக்கொண்டிருக்கிறது. அதன் கண்ணில் ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டு கண்ணையே தின்கிறது. பாதிக் குருடாகத்தான் அத்தனை காலமும் அது இருட்டில் சுற்றுகிறது. அதைச் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை.

அவன் ஆசைப்பட்டுக் கடலைப் பார்க்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. தன் வீட்டில் புகுந்து திருடியவனைப் பற்றி ஊர் ஊராக விசாரிக்கிறவன் மாதிரி அவன் கடலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான்.

போன வருஷம் மாசியில், மிளகு பறிப்பு முடிந்த கையோடு பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் போனான். சாமி கும்பிட்டாயிற்று. கோயில் கரையில் கால் வைக்க இடமில்லை. "கூட்டமில்லாத எடமா நான் காட்டுறேன் வாங்க" என்று அவன்தான் வண்டியைத் திருப்பினான். ஏழெட்டு மைல் தள்ளி, தென்னந்தோப்பைத் தாண்டி, ஆளில்லாத ஒரு கடற்கரை.

வந்தவர்களில் பாதிப்பேர் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எங்கே இறங்குவது என்று தெரியாமல் தனபாலின் முகத்தைப் பார்த்தார்கள். மலையில் காட்டாற்றைக் கடந்து பழகிய கால்கள் அவை. ஆற்றில் இறங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. நுரைத்து ஓடுகிற இடத்தை விட்டுவிட வேண்டும். நுரையில்லாத இடத்தில் ஒரு கம்பை ஊன்றிக் கையை எடுக்க வேண்டும். கம்பு சாயாமல் நின்றால் அங்கே இழுப்பில்லை, ஆள் இறங்கலாம். அவனுடைய அப்பன் செய்ததும் அதுதான், அவன் நூறு தடவை செய்ததும் அதுதான்.

கரையில் அப்படி ஒரு இடம் கண்ணில் பட்டது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் முப்பது தப்படி அகலத்துக்கு மட்டும் தண்ணீர் கரும்பச்சையாக, குளம் போலக் கிடந்தது. தனபால் ஒரு சவுக்குக் கம்பை எடுத்துப் போய் முழங்கால் ஆழத்தில் ஊன்றினான். கையை எடுத்தான். கம்பு நின்றது.

"இங்க எறங்குங்க. இங்க அலையே இல்ல."

சாமியப்பன்தான் முதலில் இறங்கினார். மிளகும் மரவள்ளியும் போடுகிற மனுஷன், ஐம்பது வயது, கிணற்றில் மீன் மாதிரி நீந்துவார். பயந்துகொண்டு நின்ற மனைவி பழனாயியின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். கம்பைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பார்கள். சேலை நனைகிறதே என்று பழனாயி சிரித்துக்கொண்டே கையை விட்டாள், கொசுவத்தைத் தூக்கிச் செருகக் குனிந்தாள்.

நிமிர்ந்தபோது சாமியப்பன் இடுப்பளவில் இருந்தார். அடுத்த நிமிஷம் கழுத்தளவு. யாரோ இடுப்பில் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தார். தனபால் திரும்பிப் பார்த்தான். கம்பு படுத்திருந்தது.

"இங்க வாங்க, இங்க வாங்க" என்று பழனாயி கத்தினாள். கரையில் நின்ற அத்தனை பேரும் கத்தினார்கள். தனபாலும்தான். சாமியப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்தபடி நேராக அவளை நோக்கி நீந்தினார். கை போட்டுக்கொண்டே இருந்தார், ஆனால் இருந்த இடத்தை விட்டு ஒரு முழம் கூட முன்னால் வரவில்லை. அப்புறம் கை போடுவது நின்றது.

மறுநாள் காலையில் மீனவர்கள் இரண்டு மைல் தள்ளி எடுத்துக் கொடுத்தார்கள்.

ஊர், விதி என்றது. கம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, தனபாலும் சொல்லவில்லை. பழனாயி மட்டும் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சந்தையில் மிளகு வாங்க வருகிறவர்கள் அவள் நெற்றியைப் பார்த்து, "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டால் போதும்.

"சேலை நனையுதுன்னு கையை உட்டுப்போட்டனுங்க. அஞ்சு நிமிசம் புடிச்சிருந்தா மனுசன் இருந்திருப்பாருங்க."

கேட்காதவர்களிடமும் சொன்னாள். கேட்டுக் கேட்டுச் சலித்துப் போய், அவள் கடையைத் தாண்டி அடுத்த கடைக்குப் போகிறவர்களும் உண்டு. தனபால் சந்தை நாளில் அந்தப் பக்கமே போவதில்லை.

இந்த வருஷம் மாசி கடைசியில், பஸ் ஸ்டாண்டில் வேனுக்குள் உட்கார்ந்திருந்தபோது ஒரு வீடியோ வந்தது. ஏதோ ஒரு கடற்கரையில் உயிர்காப்பு வேலை பார்க்கிற ஆள், கறுத்து வற்றிய முகம். "இதுல எந்த எடத்துல குளிப்பீங்க?" என்று கேட்டுவிட்டுக் கடலைக் காட்டினான். இரண்டு பக்கமும் வெள்ளை அலை. நடுவில் கரும்பச்சையாக, குளம் போல ஒரு சந்து.

தனபாலின் விரல் தானாகவே அந்தச் சந்தைத் தொட்டது.

அந்த ஆள் பச்சைச் சாயப்பொடியை எடுத்துச் சந்தில் கொட்டினான். சாயம் ஒரு கணம் நின்றது. பிறகு கரையை விட்டு நேராக உள்ளே, நீந்துகிற ஆளை விட வேகமாக, வாலை நீட்டிக்கொண்டு போயிற்று. "அலை கொண்டாந்த தண்ணியெல்லாம் திரும்பிப் போற வாய்க்கா இது. அலை அடிக்கலைன்னா நல்ல எடம்னு நெனைக்காதீங்க. ஆளை இழுக்கற எடம் இதுதான். சும்மா இருக்கற மாதிரி இருக்கும், நாலு பெரிய அலை வந்து போனா இழுக்க ஆரம்பிச்சிரும்" என்றான். மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னான். தனபால் அதைக் கேட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான். அன்று வந்த இரண்டு சவாரியையும் பக்கத்து வேனுக்குத் தள்ளிவிட்டான்.

வீட்டுக்குப் போய் மனைவி கோகிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"சொல்லி என்னங்க ஆகப் போவுது? போன உசுரு வருமா?" என்றாள் அவள். "நம்மளை நம்பித்தான் வண்டியில ஏறுறாங்க. நாளைக்கு எவன் ஏறுவான்?"

"அந்தக்கா தெனம் கையை உட்டேன் கையை உட்டேன்னு சொல்லுது கோகிலா."

"நீங்க வேணும்னா செஞ்சீங்க?"

"அது மட்டும் வேணும்னா உட்டுச்சு? நான் செஞ்சதை அது ஏன் சொமக்கோணும்?"

கோகிலா தட்டை எடுத்து வைத்தாள். "போறதுன்னா சாப்பிட்டுப் போங்க" என்றாள்.

பழனாயி வாசலில் பாயை விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காலால் அளைந்துவிட்டபடியே, "வா தனபாலு. காப்பி வெக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று பாயோரம் உட்கார்ந்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது ஒன்றும் நினைவில்லை.

"அக்கா, நீங்க கையை உட்டதால மாமா போகல."

அவள் கால் நின்றது.

தனபால் மிளகை இரண்டு கையாலும் அள்ளி, பாயின் மேல் நீளமாக ஒரு வரப்பு கட்டினான். நடுவில் நாலு விரல் அகலத்துக்கு வழித்துவிட்டான். "இது தண்ணிக்கு அடியில இருக்கற மணல் மேடுங்க. அலை இது மேல ஏறித்தான் ஒடையுது. ஒடைஞ்ச தண்ணி கரைக்கு வந்துருச்சு. திரும்பிப் போகோணுமில்ல? மேடு மறிக்குது. அப்ப இந்தச் சந்துல பூந்துதான் போகும். சந்துல ஆழம் சாஸ்தி, அதனால அங்க அலை ஒடையாது. பார்க்க அமைதியா இருக்கும்."

அவள் குனிந்து அந்த நாலு விரல் சந்தைப் பார்த்தாள்.

"அங்கதான் நாம நின்னமா?"

"அங்கதான் நிக்கச் சொன்னேன். கம்பை ஊனிப் பாத்தேன்லங்க. நின்னுச்சு. ஆத்துல நின்னா நின்னதுதான். கடல்ல அப்படி இல்லீங்களாம். கொஞ்ச நேரம் நிறுத்தி, அப்புறம் இழுக்குமாம். எனக்கு அது தெரியல."

"நான் கையை உடாம இருந்தா?"

"ரெண்டு பேரும் போயிருப்பீங்க."

கொல்லைப் பலாமரத்தில் ஏதோ ஒரு பறவை விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. பழனாயி வலது கையைத் திருப்பி, மிளகுத் தூசி படிந்த உள்ளங்கையைப் பார்த்தாள்.

"ஒரு வருசமா இந்தக் கையால நான் வெளக்கு ஏத்தல" என்றாள்.

"தப்பு எம்மேலதானுங்க்கா. எடத்தைக் காட்டினது நான்."

"உன்னைத் திட்டோணுமா என்னன்னு இப்பத் தெரியல. நாளைக்கு வேணா வருமோ என்னமோ." மறுபடி காலால் மிளகை அளைய ஆரம்பித்தாள். அவன் கட்டிய வரப்பு கலைந்தது. எழுந்திருக்கலாமா என்று அவன் பார்த்தபோது கேட்டாள்.

"அவருக்குத்தான் நல்லா நீச்சத் தெரியுமே. எப்படியாச்சும் தப்பிச்சு வந்திருக்க முடியாதா?"

வீடியோவில் அந்தக் கறுத்த ஆள் சொன்னது தனபாலின் காதில் அப்படியே இருந்தது. கரையைப் பார்த்து நேரா நீந்தாதீங்க. எத்தனை பலசாலியா இருந்தாலும் தண்ணி ஜெயிச்சிரும். பக்கவாட்டுல போங்க. சந்து சின்னதுதான், தாண்டிட்டா அலையே உங்களைக் கரையில கொண்டாந்து உட்டுரும். கரையில இருக்கறவங்க, தயவுசெஞ்சு இங்க வா இங்க வான்னு கூப்பிடாதீங்க.

சாமியப்பனுக்குப் பதினைந்து தப்படி பக்கவாட்டில் போக முடியாதா? கிணற்றை நாற்பது தடவை சுற்றுகிற மனுஷன். அவர் ஏன் நேராக வந்தார் என்றால், நேர் எதிரே நின்று ஒரு குரல் கூப்பிட்டது.

"முடியாதுங்க்கா" என்றான் தனபால். "எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் முடியாது."

அவள் தலையாட்டினாள். வீட்டுக்குத் திரும்பும்போது, நல்லதுதான் செய்தோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முதல் திருப்பம் வரை அது நிஜமாகவே இருந்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் பழனாயி மாறிப்போனதை ஊரே பார்த்தது. சந்தையில் கையைப் பற்றிய பேச்சு நின்றது. மாலையில் அவள் வீட்டு மாடத்தில் விளக்கு எரிந்தது. "உங்க புண்ணியத்துல அந்தம்மா இன்னிக்கு என்கிட்டப் பேரம் பேசிச் சண்டை போட்டுச்சு" என்று கோகிலா வந்து சொன்னாள். தனபால் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

பங்குனியில் மகளிர் குழு கன்னியாகுமரிக்குக் கிளம்பியது. தனபால் முதலில் வரமாட்டேன் என்றான். "ஊர்ல கடலைப் பத்தித் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான். உங்களை உட்டுட்டு வேற எவனைக் கூட்டிட்டுப் போறதுங்கண்ணா?" என்று அருணா விடவில்லை.

புறப்படுகிற அன்று பிற்பகல். பைகளையும் கட்டுச்சோற்றையும் ஏற்றியாயிற்று. அருணா நாலு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் இருந்தாள். தனபால் சாவியைத் திருகப் போனபோது பழனாயி வந்து படியில் ஏறினாள். பயணத்துக்கு வந்தவளாகத் தெரியவில்லை. கையில் பை இல்லை.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. கடல்ல எறங்கறதுக்கு முன்ன கேக்க வேண்டியது ஒண்ணு இருக்குது. தனபாலு, எனக்கு மிளகு வெச்சுச் சொன்னியே, அதை இவங்களுக்குச் சொல்லு. எங்கூட்டு ஆளோட அது முடியட்டும்."

தனபால் இறங்கி, வேனின் கதவருகே நின்று சொன்னான். மணல் மேடு, சந்து, அலை அடிக்காத இடம். கம்பு ஊன்றியதையும் சொன்னான். எல்லோர் முன்னாலும் அதைச் சொல்வது அதுவே முதல் தடவை. பின்சீட்டில் யாரோ "அட சாமி" என்று முணுமுணுத்தார்கள்.

அருணா கேலி பேசவில்லை. மகளைச் சுற்றியிருந்த கை இறுகியது. "சரிங்கண்ணா. தெரியாம எறங்கிட்டோம்னு வெச்சுக்குங்க. இழுக்குது. அப்ப என்ன பண்ணோணும்?"

அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் டீக்கு நிறுத்துவோமே, அங்கே சொல்லிக்கொள்ளலாம் என்று தனபாலுக்குத் தோன்றியது. பழனாயி இருக்க மாட்டாள்.

அவனுக்குப் பதிலாகப் பழனாயியே சொன்னாள். "ஒண்ணும் பண்ண முடியாது கண்ணு. எப்பேர்ப்பட்ட நீச்சக்காரனா இருந்தாலும் திரும்ப முடியாது. தனபாலே சொன்னான். இனி சந்தைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் இதைத்தான் சொல்லப் போறேன்."

அவள் சொல்வாள். ஒரு வருஷம் கையைப் பற்றிச் சொன்னவள், இனி ஒரு வருஷம் இதைச் சொல்வாள். மலையில் கடலுக்குப் போகிற ஒவ்வொருவரும், இழுத்தால் தப்பிக்க வழியில்லை என்று கேட்டுக்கொண்டுதான் போவார்கள். போன வருஷம் ஊன்றிய கம்பைப் போல, அவன் ஊன்றிய பொய்யும் நிற்கும், நிற்கும், ஒருநாள் ஆள் உயிரை வாங்கும்.

அருணாவின் மகள் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"முடியும்" என்றான் தனபால்.

பழனாயி திரும்பினாள்.

"கரையைப் பாத்து நேரா நீந்தக் கூடாது. அப்படி நீந்துனா இருக்கற பலமெல்லாம் போயிரும். பயப்படாம பக்கவாட்டுல போகோணும். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. கொஞ்ச தூரந்தான். அலை ஒடையற எடத்துக்கு வந்துட்டா அலையே தள்ளி உட்டுரும். நீந்த முடியலைன்னா கையைத் தூக்கிட்டு மல்லாந்து மெதக்கோணும். அது ஆளை அடியில இழுக்காது, வெளியதான் இழுக்கும்." அவன் யாரையும் பார்க்கவில்லை. வேனின் படியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கரையில நிக்கறவங்க, இங்க வா இங்க வான்னு கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா நேரா வருவாங்க. கையைப் பக்கவாட்டுல நீட்டி, அப்படிப் போன்னு காட்டோணும்."

போன வருஷம் அந்தக் கரையில் நின்றவர்களில் ஐந்தாறு பேர் இந்த வண்டியிலும் இருந்தார்கள். அவர்களும் கூப்பிட்டவர்கள்தான். ஒவ்வொருவராகத் தலை குனிவது ஜன்னல் கண்ணாடி வழியே தெரிந்தது.

பழனாயி அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"அன்னிக்கு ஏன் முடியாதுன்னு சொன்னே?"

"சொல்ல முடியலீங்க்கா."

"நான் கூப்பிட்டேன்."

"நானும் கூப்பிட்டேன். எல்லாரும் கூப்பிட்டோம்."

"அவரு என்னையத்தான் பாத்தாரு."

தனபால் அதற்கு இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பு என்றால் சொல்லியிருப்பான்.

பழனாயி வேனின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கோபமா அழுகையா என்று தெரியாத முகம். அது கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய முகமாகிக்கொண்டிருந்தது, சந்தையில் எல்லோரும் விலகிப் போகிற அந்த முகம். தன் கண் முன்னாலேயே அது திரும்பி வருவதைத் தனபால் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கையை எப்படிக் காட்டோணும்னு சொன்னே? இன்னொருக்காச் சொல்லு."

அவன் வலது கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டிக் காட்டினான்.

பழனாயி கம்பியை விட்டுவிட்டு வண்டிக்குள் இருந்தவர்களைப் பார்த்துத் திரும்பினாள். வலது கையை அதேபோல நீட்டினாள்.

"பாத்துக்குங்க" என்றாள். "இப்படி."

ஒவ்வொருத்தியும் பார்த்தாளா என்று வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் கையை இறக்கினாள். அருணாவின் மகள் சின்னக் கையை அதேபோல நீட்டிப் பார்த்தாள். பழனாயி அவள் தலையைத் தொட்டாள். பிறகு படியிறங்கி, தனபாலைத் தாண்டி, சந்தைத் திடல் பக்கம் நடந்தாள். போய்ட்டு வா என்று அவனிடம் சொல்லவில்லை.

அவன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினான். முதல் தடவை வண்டி கிளம்பவில்லை.

"எடுங்கண்ணா" என்றாள் அருணா மெதுவாக. "இருட்டறதுக்குள்ள மலை எறங்கோணும்."